கோப்புகளை மூட்டை கட்டுவது எப்படி?

ஒரு குடும்பம் வீடு மாற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். பாத்திரங்களையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். பத்துப் பாத்திரங்கள் ஒரே மூட்டையாகின்றன. தூக்குவதற்கு எளிது, ஆனால் எடை குறைவதில்லை. பஞ்சுத் தலையணைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அவை பாதியாகச் சுருங்குகின்றன. அம்மிக்கல்லை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது சுருங்குவதில்லை. புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மூட்டைகளைப் பிரித்து, எல்லாம் வந்துவிட்டனவா, எதுவும் உடைந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள்.

கணிப்பொறியில் பல கோப்புகளை ஒரே தொகுப்பாகச் சுருக்கி வைக்கும்போதும் இந்த மூன்று வேலைகளே நடைபெறுகின்றன. ஒன்று சேர்த்தல், சுருக்குதல், சரிபார்த்தல் என்பன அவை. ஒரு பொத்தானை அழுத்தியதும் வேலை முடிந்துவிடுவதால் மூன்றும் ஒன்றே என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வாறு எண்ணி, தொகுப்பு உருவானவுடனே மூலக் கோப்புகளை அழித்துவிடுவோரும் உண்டு. பிறகு தொகுப்பு திறக்கவில்லை என்றால் ஓராண்டு உழைப்பும் போய்விடும். ஆகவே இம்மூன்று வேலைகளையும் தனித்தனியே புரிந்துகொள்வோம். பின்னர் அவற்றைச் செய்யும் நிரல் ஒன்றை எவ்வாறு எழுதுவது என்று காண்போம்.

ஒன்று சேர்த்தல்

ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். 60 மாணவர்கள் ஆளுக்கு 5 சோதனைகள் செய்கிறார்கள். ஒவ்வொரு சோதனையின் அளவீடுகளும் ஒரு கோப்பாகப் பதிவாகின்றன. ஆக 300 கோப்புகள். இவற்றை ஒவ்வொன்றாக அனுப்புவதும் பாதுகாப்பதும் தொல்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் வைத்துவிட்டால் வேலை எளிதாகும்.

இத்தேவை பழையது. கோப்புகளைக் காந்த நாடாவில் வரிசையாகப் பதிந்து வைத்த காலத்திலேயே இதற்கென 'டார்' என்ற நிரல் பிறந்தது. 'நாடாத் தொகுப்பு' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அப்பெயர். 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அது இடம்பெற்றது. டார் சுருக்குவதில்லை, சேர்க்க மட்டுமே செய்யும். அதாவது, அது பாத்திரச் சாக்கு.

சேர்த்தலையும் சுருக்குதலையும் ஒருங்கே செய்யும் 'ஸிப்' என்ற அமைப்பை அமெரிக்கரான ஃபில் கட்ஸ் 1989-இல் வெளியிட்டார். அதன் இலக்கணத்தை அவர் எல்லாரும் அறியும்படி வெளிப்படுத்தியதால் அது உலகெங்கும் பரவியது. இன்றும் ஸிப் கோப்புகளின் தொடக்கத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகளான 'பி', 'கே' என்னும் இரண்டு எழுத்துகள் இருப்பதைக் காணலாம்.

ஸிப் கோப்பின் உள்ளமைப்பு எளிமையானது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னே ஒரு தலைப்புச் சீட்டு உண்டு. அதில் பெயர், அளவு, தேதி முதலியன இருக்கும். அதையடுத்துக் கோப்பின் சுருக்கிய உள்ளடக்கம் வரும். எல்லாக் கோப்புகளும் முடிந்தபின், கடைசியில் ஒரு பொருளடக்கப் பட்டியல் இருக்கும். எந்தக் கோப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை அப்பட்டியலே கூறும். புத்தகங்களில் பொருளடக்கம் முன்னால் இருக்க, இங்கே அது பின்னால் இருக்கிறது. இதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. புதிய கோப்பொன்றைச் சேர்க்க வேண்டுமானால் பட்டியல் இருந்த இடத்தில் அதை எழுதி, பட்டியலைப் புதிதாகப் பின்னால் எழுதிவிடலாம். ஆனால் கோப்பைப் பிரதி எடுக்கும்போது வேலை பாதியில் நின்றுவிட்டால், முதலில் அறுந்துபோவது பொருளடக்கமே. அப்போது தொகுப்பு வழக்கமான முறையில் திறக்காது.

மூட்டைக்கும் எடை உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். தலைப்புச் சீட்டுக்கு 30 பைட்டு, பொருளடக்க வரிக்கு 46 பைட்டு, இறுதிக் குறிப்புக்கு 22 பைட்டு ஆகக் குறைந்தது 98 பைட்டு தேவை. கோப்பின் பெயரும் இரண்டு இடங்களில் எழுதப்படும். எனவே 50 பைட்டு அளவுள்ள சிறு கோப்பை ஸிப் செய்தால் தொகுப்பு மூலத்தைவிடப் பெரிதாகவே இருக்கும்!

சுருக்குதல்

ஸிப் பெரும்பாலும் பயன்படுத்தும் சுருக்கும் முறைக்கு 'டிஃப்லேட்' என்று பெயர். அதில் இரண்டு தந்திரங்கள் அடங்கியுள்ளன.

முதல் தந்திரம் 1977-இல் ஆபிரகாம் லெம்பல், யாக்கோப் ஸிவ் என்னும் இஸ்ரேலிய அறிஞர்கள் வெளியிட்டது. ஒருமுறை வந்த தொடர் மறுபடியும் வந்தால் அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. முன்பு வந்த இடத்தைச் சுட்டிக் காட்டினால் போதும். இத்தொடரைப் பாருங்கள்:

ஆற்றங்கரை மரம், குளத்தங்கரை மரம்

இதில் எழுத்துகள், இடைவெளிகள், காற்புள்ளி எல்லாம் சேர்த்து 23 இடங்கள் உள்ளன. 'குளத்த' என்பது வரை எழுதிவிட்டோம் என்க. எஞ்சியிருக்கும் 'ங்கரை மரம்' என்னும் பகுதி முன்பே வந்துவிட்டது. ஆகவே, '13 இடம் பின்னே போய், அங்கிருந்து 7 இடங்களை எடுத்து எழுது' என்ற ஒரே கட்டளை போதுமானது. பிரிக்கும்போது கணிப்பொறி அக்கட்டளைப்படி நடந்து மூலத்தைப் பிழையின்றி மீட்கும். டிஃப்லேட் முறையில் இவ்வாறு 32,768 பைட்டு தூரம் வரை பின்னே போகலாம். ஒரே கட்டளையில் 3 முதல் 258 பைட்டு வரை எடுக்கலாம். அதற்கு அப்பால் உள்ள ஒற்றுமை அதன் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாம் தந்திரம் டேவிட் ஹஃப்மன் கண்டது. அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவராக இருந்தபோது, பேராசிரியர் ராபர்ட் ஃபானோ, தேர்வு எழுதுவது அல்லது ஆய்வுக் கட்டுரை எழுதுவது என்ற வாய்ப்பை மாணவர்களுக்கு அளித்தார். ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். அதில் பிறந்த முறை 1952-இல் அச்சேறியது. அடிக்கடி வருவதற்குச் சிறு குறியீடும் அரிதாக வருவதற்குப் பெரிய குறியீடும் கொடுப்பதே அதன் சாரம்.

ஓர் எடுத்துக்காட்டு. 16 நாள் வானிலையைப் பதிவு செய்கிறோம். வெயில் 8 நாள், மேகம் 4 நாள், தூறல் 2 நாள், மழை 2 நாள். நான்கு வகைகளுக்கும் சமமாக 2 பிட்டு கொடுத்தால் மொத்தம் 32 பிட்டு தேவை. மாறாக, இப்படிக் கொடுப்போம்:

வெயில் – 0
மேகம் – 10
தூறல் – 110
மழை – 111

இப்போது 8×1 + 4×2 + 2×3 + 2×3 = 28 பிட்டுகளே தேவை. நான்கு பிட்டு மிச்சம். குறியீடுகளுக்கிடையே இடைவெளி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டாம். எந்தக் குறியீடும் மற்றொன்றின் தொடக்கமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். '0101110' என்பதை 'வெயில், மேகம், மழை, வெயில்' என்று மட்டுமே படிக்க முடியும்.

நம் தமிழ்க் கோப்புகளுக்கு இவ்விரு தந்திரங்களும் மிகவும் ஏற்றவை. யூனிக்கோடு எழுத்துகளை இன்று பெரும்பாலும் 'யூடிஎஃப்-8' என்ற முறையிலேயே சேமிக்கிறோம். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டு ஆகும். 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். ஆக 15 பைட்டு. ஐந்து குறியீடுகளின் முதல் பைட்டும் 224 என்ற ஒரே எண்; இரண்டாம் பைட்டு நான்கில் 174; ஒன்றில் 175. எஞ்சிய 5 பைட்டுகளே எழுத்துக்கு எழுத்து வேறுபடுபவை. மற்றவை தலையணைப் பஞ்சுக்குள் இருக்கும் காற்றைப் போன்றவை. இறுக்கிக் கட்டினால் அக்காற்று வெளியேறிவிடுகிறது.

அம்மிக்கல் ஏன் சுருங்குவதில்லை?

ஒருமுறை சுருங்கிய கோப்பை மீண்டும் மீண்டும் சுருக்கி ஒரே பிட்டாக்கிவிடலாமே என்று குறும்புக்கார மாணவர்கள் கேட்பதுண்டு. முடியாது. இதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

3 பிட்டு நீளமுள்ள கோப்புகள் மொத்தம் 8. அவற்றைவிடக் குறுகிய கோப்புகள் எத்தனை? 2 பிட்டுக் கோப்புகள் 4. 1 பிட்டுக் கோப்புகள் 2. வெற்றுக் கோப்பு 1. ஆக 7. எட்டுப் பேருக்கு ஏழு நாற்காலிகளே உள்ளன. எல்லாரையும் அமர்த்த வேண்டுமானால் ஒரே நாற்காலியில் இருவர் உட்கார வேண்டும். அப்போது பிரிக்கும்போது யார் யாரென்று தெரியாமல் போய்விடும். பிட்டுகளின் எண்ணிக்கை எதுவாயினும் இக்கணக்கு மாறாது. எனவே, எல்லாக் கோப்புகளையும் இழப்பின்றிச் சுருக்கும் முறை ஒன்று இருக்கவே முடியாது.

எவ்வளவு தூரம் சுருக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. அதை 1948-இல் கிளாட் ஷானன் வகுத்தார். வெப்ப இயக்கவியலில் நாம் படிக்கும் 'என்ட்ரோபி'யின் வாய்பாட்டையே ஒத்தது அவருடைய வாய்பாடு. நம் வானிலைப் பதிவுக்கு அவ்வாய்பாடு ஒரு நாளுக்கு 1.75 பிட்டு என்று விடை தருகிறது. 16 நாளுக்கு 28 பிட்டு. நாட்களைத் தனித்தனியே எண்ணி எழுதும்வரை அதற்குக் கீழே போக வழியில்லை. ஹஃப்மன் குறியீடு இங்கே எல்லையையே தொட்டுவிட்டது.

நிழற்படக் கோப்புகளான ஜேபெக், பாட்டுக் கோப்புகளான எம்பி-3, திரைப்படக் கோப்புகள் ஆகியவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. வேர்ட் உருவாக்கும் 'டாக்ஸ்' கோப்பும், மின்னூலான 'ஈபப்' கோப்பும் உள்ளே ஸிப் கோப்புகளே. இவற்றிலிருந்து காற்று முன்பே வெளியேறிவிட்டது. ஸிப் செய்தால் ஒன்று சேருமேயன்றி, குறிப்பிடத்தக்க அளவு சுருங்கமாட்டா.

தனித்தனியாகவா, சேர்த்தா?

இரண்டு வேலைகளில் எதை முதலில் செய்வது? ஸிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கிப் பின் சேர்க்கிறது. யூனிக்ஸ் வழக்கம் வேறு. அங்கே முதலில் டார் கொண்டு சேர்த்து, அந்த முழு மூட்டையையும் 'ஜிஸிப்' என்னும் நிரலால் சுருக்குவார்கள். ஜிஸிப் 1992-இல் வெளிவந்தது. அதுவும் டிஃப்லேட் முறையையே கையாளுகிறது.

சிறு கோப்புகள் பல இருந்து, அவை ஒன்றையொன்று ஒத்திருந்தால் இரண்டாம் வழியில் தொகுப்பு சிறியதாகும். ஒரு மாணவரின் கோப்பில் வந்த தலைப்பு வரிகள் அடுத்தவர் கோப்பிலும் வரும்போது அவற்றைச் சுட்டிக் காட்டினாலே போதுமல்லவா? ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நடுவில் ஒரு பைட்டு கெட்டுவிட்டால், அதற்குப் பின் வருவன யாவும் பெரும்பாலும் மீட்க முடியாதவையாகிவிடும். ஸிப்பில் ஒரு கோப்பின் உள்ளடக்கம் கெட்டால் அந்த ஒரு கோப்பே போகும். மற்ற 299 கோப்புகள் தப்பிவிடும். இடம் முக்கியமா, பாதுகாப்பு முக்கியமா என்பதை வேலையின் தன்மைகொண்டு முடிவு செய்ய வேண்டும். ஆய்வகப் பதிவுகளுக்கு ஸிப் ஏற்றது.

நிரல் எழுதுதல்

300 கோப்புகளைக் கையால் தேர்ந்தெடுத்து ஸிப் செய்யலாம். ஆனால் வாரந்தோறும் செய்ய வேண்டியிருந்தால்? இங்கேதான் ஸ்கிரிப்ட் மொழிகள் கைகொடுக்கின்றன. எழுதிய வரிகளைத் தனியே மொழிமாற்றிக் கொண்டிருக்காமல் உடனே இயக்கிப் பார்க்க உதவும் மொழிகள் இவை. கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட 'பைத்தான்' இவற்றுள் ஒன்று. அதனுடனேயே 'ஸிப்ஃபைல்' என்ற ஆயத்தப் பகுதி வருகிறது. நிரலின் படிகள் இவை:

1. 'ஸிப்ஃபைல்' பகுதியை நிரலுக்குள் வரவழைக்கவும்.

2. கோப்புறையில் உள்ள கோப்புகளின் பட்டியலை எடுத்து, எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளவும்.

3. புதிய தொகுப்பொன்றைத் திறக்கவும். அதை வேறு கோப்புறையில் திறப்பது நல்லது. அதே கோப்புறையில் திறந்தால், தொகுப்பு தன்னையே விழுங்கப் பார்க்கும்.

4. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் 'ரைட்' என்னும் கட்டளையால் தொகுப்பில் சேர்க்கவும்.

5. தொகுப்பை மூடவும். மூடும்போதுதான் பொருளடக்கம் எழுதப்படுகிறது. 'வித்' என்னும் சொல்லைப் பயன்படுத்தித் திறந்திருந்தால் இவ்வேலை தானே நடந்துவிடும்.

6. தொகுப்பை மீண்டும் திறந்து சரிபார்க்கவும்.

பத்துப் பன்னிரண்டு வரிகளில் இது முடிந்துவிடும். எனினும் மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, சுருக்கும்படி நாம் சொல்லாவிட்டால் ஸிப்ஃபைல் சுருக்காது! தொகுப்பைத் திறக்கும்போது 'ஸிப் டிஃப்லேட்டட்' என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் அது கோப்புகளை அப்படியே அடுக்கிவைத்துவிடும். 'ஸிப் செய்தும் அளவு குறையவில்லையே' என்று புதியவர்கள் திகைப்பதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, திறக்கும் முறை. 'டபிள்யூ' என்ற எழுத்தைக் கொடுத்துத் திறந்தால், அதே பெயரில் முன்பு இருந்த தொகுப்பு அழிந்துவிடும். 'ஏ' என்று கொடுத்தால் பழைய தொகுப்பின் பின்னால் சேர்க்கும். 'எக்ஸ்' என்று கொடுத்தால், அப்பெயரில் ஏற்கெனவே தொகுப்பு இருக்குமாயின் பிழைச்செய்தி தந்து நின்றுவிடும். பதிவுகளைப் பாதுகாக்க நினைப்பவர் 'எக்ஸ்' என்பதையே கையாள்வது நன்று.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். 60 மாணவர்களும் தத்தம் கோப்புறையில் 'ஊசல்' என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள் எனக் கொள்வோம். கோப்புறையின் பெயரை விட்டுவிட்டுக் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்துச் சேர்த்தால், தொகுப்பில் ஒரே பெயரில் 60 கோப்புகள் அமர்ந்துவிடும். பைத்தான் எச்சரிக்கும், தடுக்காது. பிரிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டுக் கடைசிக் கோப்பே மிஞ்சும். 59 பேரின் அளவீடுகள் போயின! ஆகவே கோப்புறையின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சரிபார்த்தல்

பெரிய கூட்டல்களைச் சரிபார்க்க 9-ஆல் வகுத்து மீதி காணும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 4738 என்ற எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 22, மீதி 4. யாராவது அதை 4728 என்று தவறாகப் படியெடுத்தால் கூட்டல் 21, மீதி 3. மீதி மாறியதால் தவறு வெளிப்பட்டுவிடுகிறது.

ஸிப்பிலும் இதுபோன்ற ஒரு மீதி எழுதிவைக்கப்படுகிறது. கோப்பு முழுவதையும் ஒரு மாபெரும் இரும எண்ணாகக் கருதி, குறித்த ஒரு வகுஎண்ணால் தனிவகை வகுத்தல் செய்து, வரும் 32 பிட்டு மீதியைச் சீட்டில் பதிகிறார்கள். இதற்கு 'சிஆர்சி-32' என்று பெயர். ஒரே ஒரு பிட்டு மாறினாலும் இது தவறாமல் காட்டிக்கொடுக்கும். கோப்பு தாறுமாறாகச் சிதைந்தபோதும் மீதி தற்செயலாக ஒத்துப்போக ஏறத்தாழ 430 கோடியில் ஒரு வாய்ப்பே உண்டு. ஆனால் வேண்டுமென்றே திருத்துபவர் மீதியையும் சேர்த்துத் திருத்திவிடலாம். எனவே இது விபத்துக்குக் காவலே அன்றிக் கள்வருக்குக் காவலன்று.

பைத்தானில் 'டெஸ்ட்ஸிப்' என்னும் கட்டளை, தொகுப்பிலுள்ள எல்லாக் கோப்புகளையும் படித்து மீதிகளை ஒப்பிடுகிறது. கெட்டுப்போன முதல் கோப்பின் பெயரைத் தரும். குறையில்லையெனில் 'நன்' என்னும் வெறுமையைத் தரும். 'நேம்லிஸ்ட்' என்னும் கட்டளை தொகுப்பிலுள்ள பெயர்களைத் தரும்.

இவ்விரண்டும் ஏன் தேவை? டெஸ்ட்ஸிப், உள்ளே இருப்பவை நலமாக உள்ளனவா என்று மட்டுமே சொல்லும். உள்ளே வராமற்போனவற்றைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. 300 கோப்புகளில் 280 மட்டுமே சேர்ந்திருந்தாலும் அது 'குறையில்லை' என்றே கூறும். ஆகவே பெயர்ப் பட்டியலை மூலப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். மேலும், மூட்டை கட்டும்முன்பே கெட்டிருந்த கோப்பை எந்த மீதியும் காட்டிக்கொடுக்காது. கட்டும்போது இருந்தபடியே இப்போதும் இருக்கிறதா என்பதே அதற்குத் தெரிந்த ஒன்று.

மூலக் கோப்புகளை அழிப்பதானால் வரிசை இதுவாக இருக்கட்டும்: சேர்த்து மூடுக, திறந்து டெஸ்ட்ஸிப் செய்க, பட்டியலை ஒப்பிடுக, தொகுப்பை வேறொரு வட்டிலோ பென்டிரைவிலோ பிரதி எடுக்க, அப்பிரதியையும் ஒருமுறை சோதிக்க, அதன்பிறகே அழிக்க. நிரலில் இவற்றைச் சேர்க்க நான்கைந்து வரிகளே கூடும். அழிக்கும் கட்டளையை மட்டும் நிரலிடம் ஒப்படைக்காமல் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

செய்து பாருங்கள்

கணிப்பொறி கிடைக்கும் வாசகர்கள் சிறிய சோதனையொன்றைச் செய்து பார்க்கலாம். ஏறத்தாழ ஒரே அளவுள்ள மூன்று கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஒரே வாக்கியத்தைப் பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப எழுதிய கோப்பு. இரண்டாவது, தமிழ்க் கட்டுரைகளின் கோப்பு. மூன்றாவது, ஒரு நிழற்படம். மூன்றையும் தனித்தனியே ஸிப் செய்து அளவுகளை ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். பின்னர், கட்டுரைக் கோப்பின் ஸிப் தொகுப்பைப் பிரதியெடுத்து, பிரதியின் நடுவில் ஒரே ஒரு பைட்டை மாற்றிவிட்டு டெஸ்ட்ஸிப் செய்து பாருங்கள். அது கோப்பின் பெயரைச் சொல்லலாம். அல்லது பிரிக்கவே முடியாமல் பிழைச்செய்தி தந்து நிற்கலாம். எவ்வாறாயினும், ஒரு பைட்டு மாறியதை அது கண்டுபிடித்துவிட்டது என்பதை நீங்களே காண்பீர்கள்.